மைக் ஓட்டையும் டேப் ஓட்டையும்

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வால்வு ஆம்ப்ளிஃபயர் படம் ஒன்றை அனுப்பி, "சார், நம்ம ஆண்டுவிழா ஞாபகம் இருக்கா?" என்று கேட்டிருந்தார். மறக்குமா? 1986. அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

1904-ல் ஃபிளெமிங் என்ற ஆங்கிலேயர் வால்வைக் கண்டுபிடித்தார். 1906-ல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் அதற்குள் மூன்றாவதாக ஒரு மின்முனையை வைத்தார். சின்ன மின்சாரத்தைப் பெரிதாக்கும் வித்தை அதில்தான் பிறந்தது. 1916-ல் வென்ட் என்பவர் கண்டென்சர் மைக்கை உருவாக்கினார். நல்ல மைக், ஆனால் அதிலிருந்து வரும் மின்சாரம் மிகவும் நோஞ்சான். நீளமான ஒயர் போட்டால் ஒயரே அதை விழுங்கிவிடும். அதனால் வால்வை மைக்குக்கு ஒட்டியே வைக்க வேண்டியிருந்தது. பெர்லினில் 1928-ல் நாய்மன் செய்த மைக்கைப் பார்த்தால் பாட்டில் மாதிரி இருக்கும். அந்தப் பாட்டிலுக்குள் இருந்தது வால்வுதான்!

எந்த மைக்கானாலும் தருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. டேப் ரெக்கார்டரோ அரை வோல்ட், ஒரு வோல்ட் தரும். அதனால்தான் ஆம்ப்ளிஃபயரில் இரண்டுக்கும் தனித்தனி ஓட்டை. மைக் ஓட்டைக்குப் பின்னால் கூடுதலாக ஒரு வால்வு உட்கார்ந்திருக்கும்.

இது அன்று எனக்குத் தெரியாது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு அம்மை போட்டிருந்தது. அவள் முன்பே பேசிப் பதிவு செய்த கேசட்டை மேடையில் போடுவதாக ஏற்பாடு. அவள் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மைக் செட்காரர் டீ குடிக்கப் போயிருந்த நேரம். நானே டேப் ஒயரை எடுத்து மைக் ஓட்டையில் செருகிவிட்டேன். குழாயில் வந்தது பேச்சல்ல, கர்ர்ரென்று தகரத்தைக் கிழிக்கிற சத்தம். பிள்ளைகள் சிரித்தார்கள். ஓடி வந்த மைக் செட்காரர், "சார், அது மைக் ஓட்டை" என்று என் காதோடு சொல்லிவிட்டு மாற்றிச் செருகினார். அதற்குள் பேச்சு முடியும் இடத்துக்கு வந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், இதே காரியத்தை 1968 ஜூலையில் லண்டன் இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் வேண்டுமென்றே செய்தார்கள். பீட்டில்ஸ் குழுவின் 'ரெவல்யூஷன்' பாட்டுக்காக, ஜெஃப் எமரிக் என்ற ஒலிப்பதிவாளர் கிடார் ஒயரை நேராக வால்வு மைக் முன்பெருக்கியில் கொடுத்து, அதிலிருந்து இன்னொரு முன்பெருக்கிக்கும் கொடுத்தார். வால்வுகள் தாங்காமல் ஒலி கிழிந்தது. அந்தக் கிழிசலைத்தான் உலகம் ரசித்தது.

எங்கள் ஊர் ரசிக்கவில்லை. கூட்டம் மைக் செட்காரரைத் திட்டியது. வாடகையிலும் பிடித்துக்கொண்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. அவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மறுநாள் அந்த அப்பா வந்து கேசட்டை வாங்கிக்கொண்டு போனார். அவரிடமும் நான் சொல்லவில்லை.

அம்மா, நீ இதைப் படிக்கிறாயா தெரியவில்லை. மாற்றிச் செருகியது நான்தான். மைக் செட்காரர் அல்ல.