பிலிம் இல்லாமல் சினிமா படித்தவர்கள்

சரித்திர வாத்தியாருக்கு சினிமாவில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இதுவும் சரித்திரம்தான்.

1919-ல் மாஸ்கோவில் அரசு ஒரு திரைப்படப் பள்ளி தொடங்கியது. அப்போது அங்கே உள்நாட்டுப் போர். ரொட்டிக்கே திண்டாட்டம், வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பிலிமுக்கு எங்கே போவது? படமெடுக்கச் சொல்லித்தரும் பள்ளியில் படச்சுருள் இல்லை! அங்கே பாடம் நடத்தியவர்களில் ஒருவர் லெவ் குலெஷோவ். 1899-ல் பிறந்தவர். அவரிடம் படித்த புதோவ்கின் அவரைவிட ஆறு வயது மூத்தவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குலெஷோவ் சும்மா இருக்கவில்லை. கேமரா ஓடினால் எப்படியோ அப்படியே மாணவர்களை மேடையில் ஷாட் ஷாட்டாக நடிக்க வைத்தார். "பிலிம் இல்லாத படங்கள்" என்றே அதற்குப் பெயர். பழைய படச்சுருள்களை வெட்டி மாற்றி ஒட்டியும் பார்த்தார்கள். மொஸ்ஷூகின் என்ற நடிகரின் சலனமில்லாத முகத்தை எடுத்து, அதன் பக்கத்தில் ஒரு தட்டு சூப்பை ஒட்டினார்கள். பார்த்தவர்களுக்கு அது பசித்த முகம். சவப்பெட்டியை ஒட்டினால் அதுவே துயர முகம். மூன்றாவதாக ஒட்டியது என்ன என்பதில் ஆளுக்கொரு கணக்கு உண்டு. அந்தச் சுருளும் இன்று இல்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று. மாஸ்கோவின் இரண்டு தெருக்களில் நடந்துவரும் ஆணும் பெண்ணும் சந்திக்கிறார்கள். அடுத்து ஓர் அமெரிக்கப் படத்திலிருந்து வெட்டிய வெள்ளை மாளிகை. அதற்கடுத்து அவர்கள் ஏறும் படிகளோ மாஸ்கோவின் ஒரு தேவாலயத்துப் படிகள். ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே ஊர்!

இதை நான் சொன்னது எங்கள் ஊரில் பிளஸ் ஒன் படிக்கும் நான்கு பிள்ளைகளிடம். ஒரு திரில்லர் படத்தின் தொடக்கக் காட்சி, இரண்டே நிமிடம், எடுக்கக் கிளம்பியிருந்தார்கள். நால்வருக்கும் ஒரே போன். "அம்மா போன் சார், எதையும் அழிக்கக் கூடாதாம், இடமே இல்லை" என்றாள் ஒருத்தி. மாஸ்கோவில் பிலிம் பஞ்சம், இங்கே மெமரி பஞ்சம்! முதலில் தாளில் கட்டம் போட்டு வரையுங்கள், 22 ஷாட்டுக்கு மேல் கிடையாது என்றேன். இரண்டு நாள் சண்டை போட்டு வரைந்தார்கள். யார் கொலைகாரன் என்பதைவிட, அவன் முகத்தைக் காட்டுவதா வேண்டாமா என்பதில்தான் பெரிய சண்டை. கடைசியில் செருப்பை மட்டும் காட்டுவது என்று முடிவானது.

பாழடைந்த பங்களா வேண்டும் என்றார்கள். பங்களாவுக்கு எங்கே போவது? மூடிக்கிடக்கும் ரைஸ்மில் கேட், பள்ளிக்கூட மாடிப்படி, ஒரு பையன் வீட்டு நெல் அறைக் கதவு, மூன்றும் ஒட்டிப் பங்களா ஆயின. பயந்து நடுங்கி அந்தப் பெண் நடித்த ஷாட்டுகள் ஒன்றும் தேறவில்லை. மழை வருமா என்று அவள் சும்மா வானம் பார்த்த நாலு விநாடி தற்செயலாகப் பதிவாகியிருந்தது. அதை, மெல்ல நகரும் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் வைத்தான் எடிட் செய்த பையன். போட்டுப் பார்த்தபோது அவளே "ஐயோ" என்றாள்.

இந்த வித்தையைத்தான் ஹிட்ச்காக் பின்னாளில் தன் 'ரியர் விண்டோ' படத்தை வைத்து த்ரூஃபோவிடம் விளக்கினார். ஜன்னல் வழியே நாய்க்குட்டியைப் பார்த்தபின் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் சிரித்தால் நல்ல மனிதர், அரைகுறை ஆடைப் பெண்ணைப் பார்த்தபின் அதே சிரிப்பு சிரித்தால் கிழட்டுச் சபலம்!

குலெஷோவும் மாணவர்களும் 1925-ல் 'மரணக் கதிர்' என்று ஒரு திரில்லரே எடுத்தார்கள். திரைக்கதை புதோவ்கின். துரத்தலும் அடிதடியும் அமர்க்களம், கதைதான் தலைகால் புரியாது. அதிலும் சில சுருள்கள் தொலைந்துவிட்டன. அதனால்தானோ என்னவோ, பிள்ளைகள் வரைந்த அந்தத் தாள்களைக் கேட்டு வாங்கி என் பீரோவில் வைத்திருக்கிறேன். 22 என்று சொல்லியும் 23 கட்டம் இருக்கிறது.