தசை அழற்சி நோயும் உயிர்பிழைப்பும்

தசை அழற்சி நோய் என்பது உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் தசைகளையே தாக்குவதால் உண்டாகும் அரிய நோய்களின் தொகுப்பு ஆகும். 1863-இல் செருமானிய மருத்துவர் எர்ன்ஸ்ட் வாக்னர் இதனை விவரித்தார். தோலிலும் தடிப்பு காணும் வகைக்கு 1891-இல் ஹைன்ரிக் உன்வெரிக்ட் 'டெர்மட்டோமயோசிட்டிஸ்' எனப் பெயரிட்டார்.

அக்காலத்தில் நோயுற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தனர். 1949-இல் கார்ட்டிசோனின் பயன் முடக்குவாத நோயில் தெரியவந்தது. பின்னர் ஸ்டீராய்டுகள் தசை அழற்சிக்கும் தரப்பட்டு, இறப்பு குறைந்தது. 1975-இல் போகன், பீட்டர் இருவரும் வகுத்த அளவுகோல்கள் நோயை இனங்காண உதவின.

இன்று உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் நுரையீரல் பாதிப்பு, தொற்று, புற்றுநோய், இதய நோய் ஆகியவையே. ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால் தொற்று எளிதில் பற்றும். 'தங்கல்' திரைப்படத்தில் நடித்த சுகானி பட்நாகர் இந்நோய்க்கு ஆளாகி, 2024 பிப்ரவரியில் தம் 19-ஆம் வயதில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இறந்தார்.

சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் பலர் தரையில் அமர்ந்தே வேலை செய்கின்றனர். தரையிலிருந்து எழ முடியாமை, கையைத் தூக்கித் தலைவார முடியாமை ஆகியவற்றை வேலை அலுப்பு என்றும், இருமலை வெடிமருந்துத் தூசி என்றும் எண்ணிவிடுவது எளிது. அலுப்பு ஓய்வில் தீரும். இந்நோயின் தளர்ச்சி வாரங்கள் செல்லச் செல்லக் கூடும். இரத்தத்தில் சி.கே. எனும் தசை நொதியின் அளவைப் பார்ப்பது முதற்படி. 2022 சனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுள்ளது. நுரையீரல் கெடுமுன் மருத்துவரை அடைவதே உயிர்பிழைக்க வழி.