கஞ்சாவும் ஒரு பழைய கணக்குத் தணிக்கையும்

காலை நடை முடிந்து பூங்கா பெஞ்சில் உட்காரும் நம் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் சென்ற மாதம் சூடான வாக்குவாதம். கனடாவில் 2018-லேயே கஞ்சாவுக்குச் சட்ட அனுமதி கிடைத்துவிட்டது என்று ஒருவர் ஆரம்பித்தார். “அதைப் புகைத்தால் பைத்தியம்தான் பிடிக்கும்” என்று இன்னொருவர் முடித்துவைத்தார். நான் பி.காம். படித்து வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன், மருத்துவம் தெரியாது. ஆனால் இந்தப் பைத்தியக் கணக்கை வெள்ளைக்காரன் காலத்திலேயே ஒரு தடவை தணிக்கை செய்து பார்த்திருக்கிறார்கள். அந்தக் கதை நம் வாசகர்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

அப்போது வங்காளத்தில் கஞ்சா அரசு உரிமத்தோடு பயிராகி, வரி கட்டி, கடைகளில் விற்பனையானது. அதனால் மக்கள் கெட்டுப்போகிறார்கள், மனநோய் விடுதிகள் நிரம்புகின்றன என்று 1893 மார்ச்சில் லண்டன் பாராளுமன்றத்தில் வில்லியம் கெய்ன் என்ற உறுப்பினர் கேள்வி எழுப்பினார். அதே ஆண்டு ஜூலையில் மாக்வொர்த் யங் என்பவரைத் தலைவராகக் கொண்டு ஒரு கமிஷன் அமைந்தது. உறுப்பினர்களில் மூவர் இந்தியர்கள். நாடு முழுவதும் 1,193 சாட்சிகளை விசாரித்து, மறு ஆண்டே அறிக்கை கொடுத்துவிட்டார்கள். இன்றைய கமிஷன்களின் வேகத்தை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

அந்த அறிக்கையில் என்னைக் கவர்ந்த பகுதி மனநோய் விடுதிப் பதிவேடுகளைப் பற்றியது. 1892-ல் விடுதிகளில் சேர்க்கப்பட்டவர்கள் 1,344 பேர். அதில் 222 பேருக்குக் ‘காரணம்’ என்ற கட்டத்தில் கஞ்சா, பங்கு, சரஸ் என்று எழுதியிருந்தது. கமிஷன் அதை அப்படியே கூட்டிக் கழித்துவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு பெயராக எடுத்து, அவரவர் ஊரிலும் உறவினர்களிடமும் விசாரிக்கச் செய்தது. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நோயாளியை அழைத்துவரும் போலீஸ்காரர் படிவத்தை நிரப்ப வேண்டும், காரணம் தெரியாது. ஆள் எப்போதாவது கஞ்சா புகைத்தவன் என்று யாராவது சொன்னால் போதும், கட்டம் நிரம்பிவிடும். விடுதி அலுவலகத்திலும் அதையே பார்த்து எழுதிக்கொள்வார்கள். பிறகு அந்த எண்ணிக்கையே வருடாந்திர அறிக்கையில் புள்ளிவிவரமாகிவிடும்.

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். சாயங்காலம் கணக்கு டாலி ஆகவில்லை, மணி எட்டாகிறது. விடை தெரியாத தொகையைத் தூக்கி ‘சஸ்பென்ஸ்’ கணக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புவோம். அந்த விடுதிகளுக்குக் கஞ்சாதான் சஸ்பென்ஸ் கணக்கு!

சரிபார்த்தபின் கஞ்சாவோடு ஏதாவது ஒரு விதத்தில் தொடர்பு இருக்கலாம் என்று மிஞ்சியவர்கள் 98 பேர், அதாவது 7.3 சதவீதம். அவர்களிலும் 37 பேருக்கு வேறு காரணங்களும் சேர்ந்திருந்தன. மிதமான பழக்கத்தால் பெரிய தீங்கில்லை, மிதமிஞ்சினால் கெடுதல் உண்டு, முழுத் தடை வேண்டாம், வரியும் உரிமமும் போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்று கமிஷன் முடிவு சொன்னது. இந்திய உறுப்பினர்களில் இருவர் இதற்கு உடன்படாமல் தனிக்குறிப்பு எழுதினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு யாரும் பேரப்பிள்ளைகளுக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள். இளவயதில், வீரியம் கூடிய சரக்கை நாள்தோறும் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு ஆபத்து கூடுகிறது என்று இன்றைய ஆய்வுகள் சொல்கின்றன. நம் பின்பக்கச் சுவர் ஓரம் கேமரா வைத்ததற்கு நானும் கை தூக்கினேன்.

மருந்துக் கதை வேறு. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இருந்த ஓஷாநசி என்ற ஐரிஷ் டாக்டர் 1839-லேயே, முதலில் மிருகங்களுக்கும் பிறகு நோயாளிகளுக்கும் கஞ்சா மருந்தைக் கொடுத்துப் பார்த்து எழுதினார். பிறந்து நாற்பது நாளான ஒரு குழந்தையின் வலிப்பும் அதில் அடக்கம். (இதே மனிதர்தான் பின்னாளில் இந்தியாவுக்குத் தந்திக் கம்பி போட்டவர்.) கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த மருந்து ஒன்றுக்குக் குழந்தைகளின் கடுமையான வலிப்புக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2018-ல்!

இடைப்பட்ட காலத்தில் 1961-ன் சர்வதேச உடன்படிக்கை வந்தது. நம் நாட்டில் 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. அது பூவும் காயும் உள்ள நுனியைத்தான் கஞ்சா என்கிறது, இலையைத் தனியே விட்டுவிட்டது. அதனால்தான் காசியில் உரிமம் பெற்ற பங்குக் கடை இன்றும் இருக்கிறது. மருத்துவத்துக்காக மாநில அரசு அனுமதி தரவும் சட்டத்தில் இடம் உண்டு. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுக்க 27-க்கு 25 என்று வாக்களித்தபோது, அந்த 27-ல் இந்தியாவும் ஒன்று.

என் மனைவிக்குக் கீமோதெரபி நடந்தபோது மூன்று நாளைக்குக் கஞ்சித்தண்ணிகூட உள்ளே தங்காது. என்ன மாத்திரை கொடுத்தும் குமட்டல் அடங்கவில்லை. கீமோ குமட்டலுக்கு, கஞ்சாவில் உள்ள அதே பொருளைச் செயற்கையாகத் தயாரித்து மாத்திரையாக்கி, அமெரிக்காவில் அனுமதித்த ஆண்டும் 1985தான் என்று அவள் போன பிறகு படித்தேன். அவளுக்கு அது கேட்டிருக்குமா, தெரியாது. கேட்டுப் பார்க்கலாம் என்றுகூட அன்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.