டியூட்டெரான் கணக்கீடு, குவாண்டம் கணினியில்

ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த டியூட்டெரான் அணுக்கருவின் தாழ்நிலை ஆற்றலைக் குவாண்டம் கணினியில் கணித்த முன்னோடி முயற்சி. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகக் குழு நடத்திய இந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஐபிஎம், ரிகெட்டி நிறுவனங்களின் கருவிகளை இணையம் வழியாகவே இயக்கினார்கள். பயன்பட்டவை, குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகளான க்யூபிட்டுகள் இரண்டு, மூன்று மட்டுமே. அலைச்சார்பின் மாதிரியொன்றைக் குவாண்டம் கருவி உருவாக்கி அளக்கும்; ஆற்றல் மேலும் குறையும்படி அந்த மாதிரியின் கோணங்களைச் சாதாரணக் கணினி திருத்தும். கருவியில் பிழை உண்டாக்கும் இரைச்சலைச் சமாளித்த விதம் சுவையானது: க்யூபிட்டுகள் மீது செய்யும் அடிப்படைச் செயல்களான வாயில்களை வேண்டுமென்றே கூட்டி, பிழையை வளரவிட்டு, அந்தப் போக்கைக் கொண்டு பிழையற்ற மதிப்பைப் பின்னோக்கிக் கணித்தார்கள். விடை, சோதனைவழி அறிந்த −2.22 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சில விழுக்காட்டுக்குள் வந்தது. மடிக்கணினியே நொடியில் தந்துவிடும் விடைதான். ஆனால் துகள்கள் கூடக்கூடக் கணக்கு மலைபோல் பெருகும் கனமான கருக்களை மனத்தில் வைத்தே இந்த வழியை வளர்க்கிறார்கள்.