ஃபோட்டோஷாப்புக்கு முன்னாடியே ஒட்டின படங்கள்

இன்னைக்கு எபிசோட் ஒரு விதியில இருந்து ஆரம்பிக்குது. 2021 ஜூலையில் மத்திய அரசு, முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டின கார், பைக்கை ‘விண்டேஜ்’ என்று வகைப்படுத்தியது. நம்பர் பிளேட்டில் ‘விஏ’னு தனி எழுத்து வரும். முக்கியமான நிபந்தனை: சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பழைய வடிவம் அப்படியே இருக்கணும்.

சரி, அந்தக் காரை எடுக்கிற ஃபோட்டோ? அது பெரும்பாலும் ஒட்டுப் படம்தான்.

காரணம் ரொம்ப சிம்பிள். பழைய கருப்பு அம்பாசடர் ஒண்ணை நினைச்சுக்கோங்க. பளபளன்னு இருக்கிற அந்த பாடி ஒரு கண்ணாடி மாதிரி. நீங்க காரை எடுக்கல, காரில் தெரியும் பிம்பங்களை எடுக்கிறீங்க. எதிர்வீட்டு ஜன்னல், கரண்ட் கம்பி, நீங்களே கூட அதுல தெரிவீங்க. அதனால கேமராவை டிரைபாடில் அசையாம நிறுத்தி, இருட்டினதும் ஒரு சின்ன லைட்டை நகர்த்தி நகர்த்திப் பத்துப் பதினைந்து படம் எடுப்பாங்க. ஒண்ணுல பானெட், ஒண்ணுல கதவு, ஒண்ணுல சக்கரம். அப்புறம் எல்லாத்தையும் லேயரா அடுக்கி, ‘லைட்டன்’ மோடில் போடுவாங்க. ஒவ்வொரு பிக்ஸலுக்கும் எந்தப் படத்தில் வெளிச்சம் அதிகமோ, அதை எடுத்துக்கும். கோடு எழுதுறவங்களுக்குச் சொல்லணும்னா, வெறும் ‘மேக்ஸ்’ ஃபங்ஷன்.

ஃபோட்டோஷாப் 1990-ல் வந்தது, லேயர் வசதி 1994-ல். ஆனா ஐடியா அதுக்கும் 130 வருஷத்துக்கு மேல பழசு. 1850-களின் கண்ணாடி நெகட்டிவ்கள் நீல நிறத்துக்கு அதிகமாக வினை புரிந்தன. கடலைச் சரியாக எடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் பிரிண்ட் போட்டார். 1857-ல் இங்கிலாந்தில் ஆஸ்கர் ரெய்லாண்டர் 30-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படம் செய்தார். அதில் ஒரு பிரதியை விக்டோரியா ராணி வாங்கினார்.

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் உங்க ஃபோன் செய்யறதும் லெ கிரே வேலைதான். அருவி வெள்ளை, பாறை கருப்பு. நீங்க ஒரு தடவை அமுக்கினா, ஃபோன் பல ஃபிரேம் எடுத்து ஒண்ணா சேர்த்துக் குடுக்குது.

நம்ம ஊர் ஸ்டூடியோக்களும் இதைச் செய்தன, ஆனா வேற காரணத்துக்கு. தாத்தா ஒரு படத்தில் இருப்பார், பாட்டி வேறொரு படத்தில். ஒருவர் இறந்த பிறகுதான் ஜோடிப் படம் வேணும்னு வீட்டுக்குத் தோணும். ஸ்டூடியோக்காரர் இரண்டையும் ஒரே அளவுக்குப் பிரிண்ட் போட்டு, கத்தரித்து ஒட்டி, இணைப்பை பிரஷ்ஷால் மறைத்து, அதைத் திரும்பவும் படமெடுப்பார். அந்த காப்பி நெகட்டிவில் இருந்து வர்றதுதான் மாலை போட்டு மாட்டுற படம்.

தென்காசியில் எங்க வீட்டுல அப்படி ஒண்ணு இருக்கு. தாத்தா, ஆச்சி, பின்னாடி ஒரு கார். எங்க குடும்பத்துல அப்போ சைக்கிள்தான் இருந்தது. தாத்தா முகத்தில் வெளிச்சம் இடதுபக்கம், ஆச்சி முகத்தில் வலதுபக்கம். காருக்கு நிழலே இல்லை. அப்போ இது பொய்யா? குற்றாலம் சித்திர சபையில் நடராஜர் சிலையாக இல்லை, சுவரோவியமாக இருக்கிறார். அங்கே கும்பிடப் போறவங்க யாரும் இது படம்தானேன்னு திரும்பி வர்றதில்லை. வீட்டுப் படமும் அப்படித்தான். அது சாட்சி சொல்ல மாட்டின படம் இல்லை, ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கணும்னு மாட்டின படம்.

போன வருஷம் சொந்தக்காரப் பையன் ஒருத்தன் ஆசையா அதை ஒரு ஏஐ ஆப்பில் போட்டு ‘கிளீன்’ பண்ணி அனுப்பினான். கத்தரித்த கோடு போயிடுச்சு. வெளிச்சம் ஒரே பக்கமாச்சு. காருக்கு நிழலும் வந்துடுச்சு. கூடவே ஆச்சியின் இரண்டு மூக்குத்திகளில் ஒன்று காணாம போச்சு. ஆப்புக்கு அது அழுக்குப் புள்ளி. எங்க அம்மா பார்த்த உடனே கேட்டாங்க, “எங்கம்மா மூக்குத்தி எங்கடா?”

ரெண்டும் எடிட்டிங்தான். ஸ்டூடியோக்காரர் என்ன சேர்த்தார் என்பது படத்திலேயே தெரியும். ஆப் என்ன எடுத்தது என்பது, ஆச்சியைப் பார்த்த ஒருத்தர் இருக்கிற வரைக்கும்தான் தெரியும்.

ஏற்கெனவே நிறைய போயாச்சு. பல ஸ்டூடியோக்கள் மூடும்போது கண்ணாடி நெகட்டிவ்களைக் கழுவி வெறும் கண்ணாடியாக விற்றார்கள். ஃபிலிம் வெள்ளிக்காகப் போனது. மிச்சத்தைத்தான் புதுச்சேரி ஃபிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடித் தேடி ஸ்கேன் செய்தது.

அதனால இந்த வாரம் ஒரு வேலை. வீட்டுச் சுவர்ல இருக்கிற படத்தை எடிட் பண்ணுங்க, தப்பில்லை. அதுக்கு முன்னாடி ஒட்டு, கறை, கோடு எல்லாத்தோடயும் ஒரு ஸ்கேன் எடுத்து, தனி ஃபைலா வெச்சுக்கோங்க. யார் யார், எந்த ஸ்டூடியோ, எந்த வருஷம்னு பெரியவங்ககிட்ட கேட்டு எழுதிடுங்க. முடிஞ்சா, கார் யாரோடதுன்னும் கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.