பதிவேட்டில் ஏறிய மூச்சும் ஏறாத மூச்சும்

நன்னிலம் பக்கம் நெல் அறுத்த வயலில் கோடைக்குப் பருத்தி போடுவார்கள். காய்ப்புழு இறங்கிவிட்டால் மருந்துக்கடைக்கு ஓட்டம்தான். அந்தக் கடைகளில் நெடுங்காலம் புழங்கிய பெயர்களில் ஒன்று செவின். கார்பரில் என்ற பூச்சிமருந்தின் வணிகப் பெயர் அது. 2018இல்தான் மத்திய அரசு கார்பரிலைத் தடைசெய்தது. போபாலில் யூனியன் கார்பைடு ஆலை தயாரித்துவந்ததும் அதே செவின்தான். அதற்கான மூலப்பொருளாகத் தொட்டியில் தேக்கியிருந்தது மெத்தில் ஐசோசயனேட். இது தெரிந்த நாளிலிருந்து, போபால் வாயுக் கசிவை எங்கோ வடக்கே நடந்த கதையாக என்னால் பார்க்க முடிந்ததில்லை.

போபால் மக்களின் நுரையீரலை இங்கே ஈரானியப் படைவீரர்களின் நுரையீரலோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். ஒன்று போர், மற்றொன்று ஆலைக் கசிவு. ஒப்பிடத் தகுமா என்று கேட்கலாம். மார்புக்கூட்டுக்குள் போய்ப் பார்த்தால் தகும்.

1980 முதல் 1988 வரை நடந்த ஈரான்–ஈராக் போரில் ஈராக் கந்தகக் கடுகு வாயுவைப் பயன்படுத்தியது. ஐ.நா. அனுப்பிய வல்லுநர் குழு 1984 மார்ச்சிலேயே அதை உறுதிசெய்தது. 1987 ஜூன் 28 அன்று சர்தஷ்த் என்ற எல்லையோர ஊரில், பொதுமக்கள் தலைமேலேயே அந்த வாயுக் குண்டுகள் விழுந்தன. வாயு என்று பெயரே தவிர, அது எண்ணெய்போன்ற திரவம்; பூண்டு வாடை அடிக்கும். பட்டவுடன் வலிக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் கண் எரியும், தோல் கொப்புளிக்கும், தொண்டை அடைக்கும். அதற்குள் அது உயிரணுக்களின் மரபுப்பொருளைத் தாக்கி முடித்திருக்கும். இன்றுவரை மாற்றுமருந்து கிடையாது.

மெத்தில் ஐசோசயனேட் அப்படிக் காத்திருக்கவில்லை. 1984 டிசம்பர் 2 நள்ளிரவை ஒட்டி 610ஆம் எண் தொட்டியிலிருந்து ஏறத்தாழ 40 டன் வெளியேறியது. காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து, எதிரே இருந்த குடிசைகளுக்குள் புகுந்தது. மிளகாயை நெருப்பில் போட்டதுபோல் எரிந்தது என்று பிழைத்தவர்கள் சொல்கிறார்கள். எழுந்து ஓடினார்கள். ஓட ஓட மூச்சு வாங்கியது. வாங்கிய மூச்சோடு நஞ்சும் போனது.

தொடக்கம் இப்படி வேறுவேறு. ஆண்டுகள் போனபின் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: நுரையீரலின் கடைமடையில். மூச்சுக்குழாயை ஆறு என்று வைத்துக்கொண்டால், அது கிளைத்துக் கிளைத்துக் கடைசியில் வயலுக்குத் தண்ணீர் விடும் சின்ன வாய்க்கால்கள்போன்ற நுண்குழாய்களாகிறது. கடுகு வாயு பட்ட வீரர்களுக்கு அந்த நுண்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கின. காற்று உள்ளே போகிறது, வெளியே வர வழியில்லை. பாய்ச்சல் உண்டு, வடிகால் இல்லை என்றால் பயிர் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதில் கொடுமை என்னவென்றால், சாதாரண எக்ஸ்ரே பலருக்குச் சுத்தமாகவே இருக்கும். மூச்சை வெளியே விடச்சொல்லி நுட்பமான சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் சிறைப்பட்ட காற்று தெரியும். படி ஏற முடியாமல் நிற்கும் மனிதனிடம், உனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுகிற நோய் இது.

போபாலிலும் சிறு மூச்சுக்குழாய்களே அடிபட்டன. சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தில் இருந்த மருத்துவர் வி. கே. விஜயனும் உடன் பணியாற்றியவர்களும், பாதிக்கப்பட்டவர்களின் நுரையீரலுக்குள் உப்புநீர் விட்டுக் கழுவி எடுத்து ஆராய்ந்தார்கள். விபத்து நடந்து ஆண்டுகள் ஆனபிறகும் அழற்சி அணுக்கள் அங்கே குறையாமல் இருந்தன. வாயு போய்விட்டது, நெருப்பு அணையவில்லை.

இனித்தான் வேறுபாடு. ஈரானில் காயம்பட்ட வீரருக்கு ஜான்பாஸ் என்று பெயர்; உயிரைப் பணயம் வைத்தவர் என்பது பொருள். அவருக்கு ஊனத்தின் விழுக்காடு குறித்த பதிவு உண்டு, உதவித்தொகை உண்டு, சிகிச்சை உண்டு. இரசாயன ஆயுதங்களால் பாதிக்கப்பட்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்பது அந்நாட்டின் கணக்கு. போபாலில் காயமடைந்தவர்கள் ஐந்தரை லட்சத்துக்கும் மேல் என்பது நம் அரசின் கணக்கு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தற்காலிகப் பாதிப்பு என்ற வகையில் தள்ளப்பட்டு, முதலில் ஆளுக்கு 25,000 ரூபாய் பெற்றார்கள். ஆண்டுக்கணக்கில் மெல்ல முற்றும் நோய்க்குத் தற்காலிகம் என்று முத்திரை குத்தியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய ஆய்வுகளும் 1994இல் நிறுத்தப்பட்டன. தழும்பு வளர்ந்துகொண்டிருந்தபோதே அதைப் பார்த்துக்கொண்டிருந்த கண் மூடப்பட்டது.

வீரன் என்பதால் எண்ணினார்கள், குடிசைவாசி என்பதால் விட்டார்கள் என்று முடித்துவிடலாம்தான். ஆனால் 1930களில் தொடங்கிப் பத்தாண்டுக்கும் மேலாக ராவல்பிண்டியில் பிரிட்டனின் போர்ட்டன் டவுன் இராணுவ ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் கடுகு வாயுவைச் சோதித்துப் பார்த்தது இந்தியச் சிப்பாய்கள் மீது. அவர்களும் வீரர்களே. பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்று யாரும் பின்தொடரவில்லை. ஆக, சீருடை மட்டும் காரணமில்லை. ஈரான் அரசுக்குத் தன் வீரர்களின் வெந்த உடல்கள் எதிரிக்கு எதிரான சாட்சியாக இருந்தன. அதனால்தான் 1984இலேயே அவர்களை வியன்னாவுக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் அனுப்பி உலகத்துக்குக் காட்டியது. இன்றும் தெஹ்ரான் அமைதி அருங்காட்சியகத்தில் வாயு பட்ட பழைய வீரர்கள் வழிகாட்டிகளாக நிற்கிறார்கள். இந்திய அரசோ 1985இல் சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் வழக்காடும் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. கூடுதல் இழப்பீடு கேட்ட மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அங்கே நோயாளி சாட்சி. இங்கே முடிக்கவேண்டிய கணக்கு.

செவின் அடித்தவர்களுக்கெல்லாம் போபால் நோய் வரும் என்று நான் சொல்லவில்லை. கார்பரில் வேறு, அந்த வாயு வேறு. என் கவலை பதிவேட்டைப் பற்றியது. எங்கள் தெருவில், ஊர் வயலுக்கெல்லாம் மருந்து அடித்தே காலம் தள்ளிய பெரியவர் ஒருவருக்கு இரண்டு வருடமாக இளைப்பு. ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

“பீடி, சிகரெட் உண்டாங்கய்யா?”

“தொட்டதே இல்லம்மா.”

இல்லை என்று சீட்டில் எழுதிக்கொண்டு அடுத்தவரை அழைத்தார்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்ற கேள்விக்கு அந்தச் சீட்டில் இடமே இல்லை. திரும்பும்போது பேருந்தில் நானே கேட்டேன். “மொதல்ல செவினு. அப்புறம் எண்டோசல்பான், பாரத்தியான், மோனோ...” என்று விரல் மடக்கிக்கொண்டே வந்தார். பேரளம் தாண்டுவதற்குள் இரண்டு கை விரலும் தீர்ந்துவிட்டன. மூச்சு வாங்கியதால் சற்று நிறுத்தி, மறுபடி கட்டைவிரலிலிருந்து தொடங்கினார்.