பிரபு எழுதிய கடிதமும் அரசு போட்ட சட்டமும்

பெத்தினோ ரிக்காஸோலி இத்தாலியின் பிரதமராக இரண்டு முறை இருந்தவர். ஆனால் அவர் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தின்றது அரசியல் அல்ல, திராட்சை. டஸ்கனியில், சியேனா நகருக்கு வடகிழக்கே குன்றின்மேல் நிற்கும் தம் ப்ரோலியோ கோட்டையில், ஒவ்வொரு திராட்சை வகையையும் தனித்தும் கலந்தும் ஒயினாக்கிப் பல பத்தாண்டுகள் சோதித்துக்கொண்டே இருந்தார். பிடிவாதக்காரர், 'இரும்புப் பிரபு' என்று பெயரெடுத்தவர்.

1872இல் பீசா பல்கலைக்கழகப் பேராசிரியர் சேசரே ஸ்துதியாத்திக்கு எழுதிய கடிதத்தில் தம் முடிவைச் சொன்னார். அந்தக் குன்றுப் பகுதியின் சிவப்பு ஒயினான கியாந்திக்கு மணமும் வலுவும் தருவது சான்ஜியோவேசே. அதன் முரட்டுத்தனத்தைத் தணிப்பது கனாயோலோ. இரண்டும் கறுப்புத் திராட்சைகள். மூன்றாவதாக மல்வாசியா என்ற வெள்ளைத் திராட்சையையும் சேர்க்கலாம். ஆனால் அது அன்றாடச் சாப்பாட்டோடு குடிக்கும் இளம் ஒயினுக்குத்தான். பல ஆண்டுகள் முதிர வைக்கும் ஒயினில் அதைச் சேர்க்காமல் விடுவதே நல்லது என்றார்.

கடிதத்தின் அந்தக் கடைசிப் பகுதியைப் பின்னால் வந்தவர்கள் வசதியாக மறந்தார்கள். அடுத்த நூறாண்டில் கியாந்திக்கு வந்த தலைவலிகளில் பாதி அங்கிருந்து கிளம்பியவை.

கியாந்திக்குச் சட்டம் போடும் வழக்கம் ரிக்காஸோலி காலத்துக்கும் முந்தையது. 1716 செப்டம்பர் 24 அன்று, மெதிச்சி வம்சத்துப் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ ஓர் ஆணை பிறப்பித்து கியாந்தி, பொமினோ, கார்மின்யானோ, மேல் ஆர்னோ பள்ளத்தாக்கு என்ற நான்கு பகுதிகளுக்கு எல்லை வகுத்தார். எல்லைக்கு வெளியே விளைந்ததை அந்தப் பெயரில் விற்கக் கூடாது. ஒயின் விளையும் நிலத்துக்குச் சட்டத்தால் வேலி போட்ட மிகப் பழைய முயற்சிகளில் இதுவும் ஒன்று. கியாந்தியின் நடுப்பகுதி ராட்டா, கயோலே, காஸ்தெல்லினா என்ற மூன்று ஊர்கள். இடைக்காலத்தில் ஃபிளாரன்ஸின் ஆளுகையில் இவை ஒரு கூட்டமைப்பாக இருந்தன. கறுப்புச் சேவல் அதன் சின்னம். 1924இல் 33 உற்பத்தியாளர்கள் ராட்டாவில் கூடிச் சங்கம் அமைத்தபோது அந்தச் சேவலையே தங்கள் முத்திரையாக எடுத்துக்கொண்டார்கள்.

சங்கம் தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. கோரை சுற்றிய குண்டுக் குடுவையில் கியாந்தி உலகமெங்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பெயர் விற்றதால் சுற்றுவட்டாரத்தில் எல்லாருமே கியாந்தி விற்றார்கள். 1932இல் அரசு இதை அதிகாரபூர்வமாக்கி, கியாந்தியை ஏழு பகுதிகளாக விரித்தது. பழைய குன்றுப் பகுதிக்குக் கிடைத்தது 'கிளாசிகோ' என்ற அடைமொழி. அக்கம்பக்கத்தார் பெயரை வாங்கிக்கொள்ள, பெயரின் சொந்தக்காரர்கள் தங்களைத் தனியே அடையாளம் காட்ட ஒரு வாலைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

பெரிய விபரீதம் இன்னும் முப்பத்தைந்து ஆண்டு கழித்து வந்தது. எந்த நிலத்தில், எந்தத் திராட்சையை, எவ்வளவு விளைவித்து, எப்படி ஒயினாக்குவது என்று ஊருக்கு ஊர் விதி எழுதும் 'டிஓசி' முறையை இத்தாலி 1963இல் சட்டமாக்கியது. 1967இல் கியாந்திக்கான விதி வந்தது. சிவப்பு ஒயினான கியாந்தியில் 10 முதல் 30 சதவீதம் வரை வெள்ளைத் திராட்சை இருந்தே ஆக வேண்டும் என்றது அது. ரிக்காஸோலி சொன்ன மல்வாசியாவோடு, அவர் தம் கலவையில் சேர்க்காத ட்ரெப்பியானோவும் உள்ளே வந்தது. ட்ரெப்பியானோ மணம் குறைந்தது; ஆனால் கொத்துக்கொத்தாகக் காய்க்கும்.

அந்த நிலத்தின் விவசாய முறையைப் பார்த்தால் இதன் காரணம் புரியும். நூற்றாண்டுகளாக அங்கே நடந்தது பாதிவாரக் குத்தகை: விளைந்ததில் ஒரு பாதி நிலப்பிரபுவுக்கு, மறுபாதி உழுதவனுக்கு. ஒரே நிலத்தில் கோதுமை, ஆலிவ், திராட்சை எல்லாம் கலந்து கிடக்கும். அங்கே தரத்தைவிட அளவுக்குத்தான் மதிப்பு. 1964இல் சட்டம் புதிய வாரக் குத்தகைகளைத் தடை செய்தது; உழவர்கள் நகரங்களுக்குப் போனார்கள்; காலியான நிலங்களில் அவசர அவசரமாகப் புதுத் திராட்சை நட்டார்கள். அதிகம் காய்க்கும் வகைகளே முன்னுரிமை பெற்றன. பழைய பழக்கம் அப்படியே சட்டப் புத்தகத்தில் ஏறியது. விளைவு, வெளிறி நீர்த்த ஒயின்.

நல்ல ஒயின் செய்ய நினைத்தவர்கள் சட்டத்தை விட்டு வெளியேறினார்கள். அந்தினோரி குடும்பத்தின் தின்யானெல்லோ தோட்டத்து ஒயின் 1970இல் கியாந்தி கிளாசிகோவாக வந்தது. 1971இல் அந்தப் பெயரைத் துறந்தது. 1975இல் வெள்ளைத் திராட்சை முற்றிலும் நின்றது. பியரோ அந்தினோரியும் அவருடைய ஒயின் நிபுணர் ஜாக்கோமோ தாக்கிஸும் பிரெஞ்சு ஓக் மரச் சிறு பீப்பாய்களில் முதிரவிட்டு, கபர்னே திராட்சையையும் சேர்த்தார்கள். ராட்டாவில் செர்ஜோ மனெத்தி நேர் எதிர்த் திசையில் போனார். 1977இல் அவர் செய்த லே பெர்கோலே தோர்த்தே முழுக்க முழுக்கச் சான்ஜியோவேசே. அதையும் கியாந்தி என்று சொல்லச் சட்டம் இடம் தரவில்லை. மண்ணின் சொந்தத் திராட்சை கலப்பில்லாமல் இருந்ததே குற்றம்! மனெத்தி சங்கத்தைவிட்டே விலகினார்.

இப்படித்தான் டஸ்கனியின் விலை உயர்ந்த பாட்டில்கள் 'மேசை ஒயின்' என்ற கடைசித் தரப் பட்டியலில் போய்ச் சேர்ந்தன. பத்திரிகைகள் அவற்றுக்குச் 'சூப்பர் டஸ்கன்' என்று பெயர் வைத்தன. அரசுக்கு இதைவிடச் சங்கடம் வேண்டுமா?

சட்டம் படிப்படியாக இறங்கி வந்தது. 1984இல் கியாந்தி உயர்தரமான 'டிஓசிஜி' ஆனபோது வெள்ளையின் கட்டாய அளவு வெகுவாகக் குறைந்தது. 1992இல், விவசாய அமைச்சர் ஜியோவான்னி கோரியாவின் பெயரால் அறியப்படும் சட்டம், ஓடிப்போன ஒயின்களுக்காக 'ஐஜிடி' என்ற நடுத்தட்டை உருவாக்கியது. 1996இல் கியாந்தி கிளாசிகோ தனி டிஓசிஜி ஆகி, முழுச் சான்ஜியோவேசே ஒயினையும் ஏற்றது. 2006 அறுவடையிலிருந்து அதில் வெள்ளைத் திராட்சைக்கே தடை. கட்டாயமாக இருந்தது, நாற்பது ஆண்டுக்குள் குற்றமாயிற்று.

இன்று கியாந்தி கிளாசிகோவில் சான்ஜியோவேசே 80 சதவீதமாவது இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 7.5 டன்னுக்கு மேல் அறுக்கக் கூடாது. 'ரிசர்வா' என்றால் 24 மாதம், 2014இல் வந்த 'கிரான் செலெத்சியோனே' என்றால் 30 மாதம் முதிர வேண்டும். மீதி 20 சதவீதத்தில் கபர்னேவுக்கும் இடமுண்டு. அந்தக் கணக்குப்படி தின்யானெல்லோ இப்போது கியாந்தி கிளாசிகோ என்ற பெயருக்குத் தகுதி பெறக்கூடிய கலவைதான். அந்தினோரி குடும்பம் அதை இன்றும் ஐஜிடி என்றே விற்கிறது.